பச்சை மிரிட் இருந்தும் புகையான் அடங்கவில்லையா? அறிகுறியை வைத்துப் பிழை நீக்கும் வழிமுறை

புகையான் என்பது நெல்லின் அடித்தூரில் இருந்து சாறு உறிஞ்சும் பழுப்புத் தத்துப்பூச்சி. நெல் வயலில் அதற்கு எதிராக வேலை செய்யும் பூச்சிகளில் பச்சை மிரிட் நாவாய்ப்பூச்சியைத்தான் நான் முதலில் வைப்பேன். அதைக் காசு கொடுத்து வாங்கி வந்து விட வேண்டியதில்லை. புகையான் வந்து முட்டை வைக்க ஆரம்பித்தால், அந்த முட்டையைத் தின்னப் பின்னாலேயே இதுவும் வந்துவிடும். சிக்கல் இரண்டு இடத்தில்தான் வருகிறது. ஒன்று, வந்த மிரிட்டை நாமே மருந்தடித்துக் கொன்றுவிடுகிறோம். இல்லையென்றால், அதனால் முடியாத வேலையை அதனிடம் எதிர்பார்த்துவிட்டு, ‘இயற்கை எதிரியெல்லாம் சும்மா பேச்சு’ என்று முடிவு கட்டிவிடுகிறோம். உங்கள் வயலில் நடப்பது இவற்றில் எது என்று பிரித்துப் பார்ப்பதற்குத்தான் இந்த வழிமுறை. பொருந்துகிற அறிகுறிக்கு நேராகப் போய்ப் படிக்கலாம். அதற்கு முன்னால் குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட நெற்கொத்தை, விரித்துப் பார்க்கும் வேலை ஒன்று இருக்கிறது. அதைச் செய்யாமல் கீழே உள்ள எதுவும் பயன்படாது.

எல்லாவற்றுக்கும் முன்: குத்தை விரித்து எண்ணுங்கள்

வரப்பில் நின்று பார்த்தால் புகையானும் தெரியாது, மிரிட்டும் தெரியாது. இரண்டும் இருப்பது தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, அடித்தூரில். காலையில் வெயில் ஏறும் முன் வயலுக்குள் இறங்குங்கள். வரப்போரத்து வரிசைகளை விட்டுவிட்டு, குறுக்காக நடந்தபடி 10 முதல் 20 குத்துகளைப் பாருங்கள். ஒவ்வொரு குத்தையும் லேசாகச் சாய்த்து, அடியில் உள்ளங்கையால் இரண்டு மூன்று தட்டுத் தட்டினால் தண்ணீரில் விழுகிறவை தெரியும். தண்ணீர் வடிந்த வயலாக இருந்தால் ஒரு வெள்ளைத் தட்டையோ காகிதத்தையோ அடியில் பிடித்துக்கொள்ளலாம்.

எண்ணும்போது மூன்று கணக்கு தனித்தனியாக வேண்டும்: புகையான், மிரிட், சிலந்தி. புகையானில் குஞ்சு எத்தனை, வளர்ந்தது எத்தனை என்றும் குறித்துக்கொண்டால் இன்னும் நல்லது. போனில் குறித்தாலும் சரி, சிகரெட் அட்டையில் குறித்தாலும் சரி. ஒரு நாள் எண்ணிக்கையை மட்டும் வைத்துக்கொண்டு ஒன்றும் சொல்ல முடியாது. நாலைந்து நாள் கழித்து மறுபடி எண்ணி ஒப்பிட்டால்தான் கூடுகிறதா குறைகிறதா என்று தெரியும்.

பொதுவாகச் சொல்லப்படும் எல்லை இது: சிலந்தி இல்லாத வயலில் சிம்புக்கு (குத்தில் உள்ள ஒரு தண்டுக்கு) ஒரு புகையான் வந்தால் நடவடிக்கை எடுக்க வேண்டும். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் சிம்புக்கு இரண்டு வரை பொறுக்கலாம். தீமை செய்யும் பூச்சி இரண்டுக்கு நன்மை செய்வது ஒன்று இருந்தால் காத்திருக்கலாம் என்று பயிர்ச்சூழல் ஆய்வு முறையில் ஒரு கணக்கும் உண்டு. அந்த விகிதத்தை நான் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வதில்லை. ஏன் என்பது மூன்றாவது அறிகுறியில் வருகிறது.

அறிகுறி 1: பச்சையாய் ஒரு பூச்சி மொய்க்கிறது, நல்லதா கெட்டதா தெரியவில்லை

தவறான தெளிப்பில் பாதி இந்த இடத்தில்தான் நடக்கிறது. ‘பச்சைப் பூச்சி’ என்று மருந்துக் கடையில் போய்ச் சொன்னால், கடைக்காரர் பச்சைத் தத்துப்பூச்சி என்று எடுத்துக்கொள்வார். பாட்டிலும் கைக்கு வந்துவிடும்.

பச்சைத் தத்துப்பூச்சி ஆப்பு மாதிரி இருக்கும். தலைப்பக்கம் அகன்று, வால்பக்கம் குறுகி, இறக்கைகளைக் கூரை போல் சாய்த்து மூடியிருக்கும். ஆண் பூச்சியின் இறக்கை நுனி கறுப்பாக இருக்கும். மீசைகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னவை. தொட்டால் பக்கவாட்டில் நகர்ந்து, சட்டென்று தாவிவிடும். பெரும்பாலும் இலையிலும் பயிரின் மேல்பகுதியிலும் இருக்கும்.

மிரிட் அப்படியில்லை. உடல் மெலிந்து, முதுகு தட்டையாக இருக்கும். நீளம் சுமார் 3 மில்லிமீட்டர்தான். தலையிலும் கழுத்துப் பகுதியிலும் கறுப்பு கலந்திருக்கும், இறக்கை வெளிர் பச்சை. முக்கியமான அடையாளம் மீசை. உடலோடு ஒப்பிட்டால் நீளமான மீசை, அதை ஆட்டிக்கொண்டே இலையுறை (தண்டைச் சுற்றி மூடியிருக்கும் இலையின் அடிப்பகுதி) மேல் ஓடும். தாவாது. ஓடும், அல்லது பறந்துவிடும். குஞ்சுகள் மஞ்சள் கலந்த பச்சை நிறம், இறக்கை இருக்காது. குஞ்சைத்தான் அசுவினி என்று நினைத்துப் பலர் குழம்புகிறார்கள். அசுவினி இப்படி விரட்டி விரட்டி ஓடாது.

இன்னொரு குழப்பம் பெயரால் வருவது. கதிர் நாவாய்ப்பூச்சியும் நாவாய்ப்பூச்சிதான், ஆனால் அது பால் பிடிக்கும் மணியை உறிஞ்சிப் பதராக்கும் பூச்சி. மிரிட்டைவிடப் பல மடங்கு நீளம், கால்களும் நீளம், பக்கத்தில் போனாலே நாறும். கதிர் வந்த பிறகு கதிரில் உட்கார்ந்திருக்கும். அடித்தூரில் ஓடுவது அது இல்லை. ‘நாவாய்ப்பூச்சிக்கு மருந்து’ என்று கேட்டு வாங்கி வந்து அடித்தூரில் அடித்தால், காவல்காரனைத்தான் கொல்கிறீர்கள்.

மிரிட் என்று உறுதியானால் இந்த அறிகுறிக்குச் செய்ய வேண்டியது ஒன்றுமில்லை. அது நெற்பயிரைக் கெடுக்காது.

அறிகுறி 2: புகையான் இருக்கிறது, மிரிட் ஒன்றுகூட இல்லை

முதலில் காலத்தைப் பாருங்கள். மிரிட் எப்போதும் ஒரு அடி பின்னால்தான் வரும். நீள இறக்கைப் புகையான்கள் பறந்து வந்து இறங்கி, முட்டை வைத்த பிறகுதான் மிரிட்டுக்கு அந்த வயலில் சாப்பாடு. அதனால் நட்டு இருபது, இருபத்தைந்து நாளில் ஒன்றிரண்டு புகையானும் பூஜ்யம் மிரிட்டும் இருந்தால் அதில் குறை எதுவும் இல்லை. சும்மா விடுங்கள்.

நட்டு ஒன்றரை மாதத்துக்கு மேல் ஆகி, புகையான் கூடிக்கொண்டே போய், மிரிட் எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்றால் கேட்க வேண்டிய கேள்வி: இதுவரை இந்த வயலில் என்ன அடித்தீர்கள்?

டெல்டாவில் நான் கேட்கும்போதெல்லாம் பெரும்பாலும் வரும் பதில், ‘புகையானுக்கு ஒன்றும் அடிக்கவில்லை, இலைச்சுருட்டுக்குத்தான் அடித்தேன்’ என்பது. அங்கேதான் விஷயம் இருக்கிறது. தூர் கட்டும் பருவத்தில் இலைச்சுருட்டுப் புழு இலையை வெள்ளையாக்குவது கண்ணுக்குப் பயங்கரமாகத் தெரியும். ஆனால் அந்தப் பருவத்துப் பயிர் புதிது புதிதாக இலை விட்டு அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். அதற்காக அடித்த மருந்து புழுவோடு சேர்த்துச் சிலந்தியையும் மிரிட்டையும் வாரிக்கொண்டு போய்விடுகிறது. பிறகு வந்து இறங்கும் புகையானுக்கு வயல் காலி. வியட்நாமின் மெகாங் டெல்டாவில் 1990களில் ‘விதைத்த முதல் 40 நாள் பூச்சிமருந்து வேண்டாம்’ என்று ஒரு பிரசாரமே நடத்தினார்கள். காரணம் இதுதான்.

இப்போது என்ன செய்வது? அடித்தது அடித்ததுதான். அக்கம்பக்கத்து வயல்களில் மிரிட் இருந்தால் மருந்தின் வீரியம் குறைந்ததும் வந்துவிடும், அது நன்றாகப் பறக்கும். அதுவரை புகையானுக்கு வசதி குறையுங்கள்: தண்ணீரை வடியுங்கள், யூரியா மேலுரத்தைத் தள்ளிப்போடுங்கள். எண்ணிக்கை எல்லையைத் தாண்டாமல் இருந்தால் வேப்பங்கொட்டைக் கரைசல் 5 சதம் அடிக்கலாம். 5 கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து இரவு ஊறவைத்து வடிகட்டி, 100 லிட்டராக்கிக் கொஞ்சம் காதி சோப்பு கலந்தால் போதும்.

அடுத்த பருவத்துக்கு வரப்பை வெறுமனே விடாதீர்கள். உளுந்தோ தட்டைப்பயறோ எள்ளோ வரப்பில் இருக்கட்டும். எள்ளுப் பூவின் தேன் கிடைத்தால் மிரிட் அதிக நாள் உயிரோடு இருந்து அதிகம் தின்கிறது என்று சீனாவில் நடந்த ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்கள். நமக்கு எள் புதிய பயிரும் இல்லை. வரப்பில் நாலு கை தூவிவிட்டால் விளைந்தது வீட்டுக்கும் ஆகும்.

அறிகுறி 3: மிரிட் ஏராளமாக இருக்கிறது, ஆனாலும் புகையான் குறையவில்லை

அதிகம் பேர் கையைப் பிசைவது இங்கே. இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

மிரிட்டின் முக்கிய உணவு புகையானின் முட்டை. குஞ்சையும் பிடித்துத் தின்னும், ஆனால் வளர்ந்த புகையானை அது பெரிதாக ஒன்றும் செய்யாது. ஒரு மிரிட் ஒரு நாளைக்கு 7 முதல் 10 முட்டைகளை, அல்லது 1 முதல் 5 தத்துப்பூச்சிகளை உறிஞ்சும் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் கணக்கு. புகையான் முட்டையை இலையுறைக்கு உள்ளே செருகி வைத்திருக்கும். மிரிட் மீசையால் தட்டித் தடவி அந்த இடத்தைக் கண்டுபிடித்து, ஊசி போன்ற வாயை உள்ளே விட்டு முட்டையை வற்ற உறிஞ்சிவிடும். நாம் அடிக்கும் மருந்து எட்டாத இடத்தில் அது வேலை செய்கிறது.

இந்த வேலை வெளியே தெரியாது. இன்று தட்டினால் விழும் வளர்ந்த புகையான்கள், சுமார் மூன்று வாரத்துக்கு முன்னால் வைத்த முட்டையிலிருந்து வந்தவை. அப்போது மிரிட் இல்லை. இன்று மிரிட் செய்யும் வேலையின் பலன் அடுத்த தலைமுறையில்தான் தெரியும். ஆகவே வளர்ந்ததை எண்ணிவிட்டு ‘குறையவில்லையே’ என்றால் தவறான இடத்தைப் பார்க்கிறோம். பார்க்க வேண்டியது குஞ்சுகளை.

சோதனை இப்படி: இன்று குஞ்சுகளின் எண்ணிக்கையைக் குறித்துக்கொள்ளுங்கள், அதிலும் புதிதாகப் பொரித்த, வெள்ளையும் வெளிர் பழுப்புமாக இருக்கும் பொடிக் குஞ்சுகளை. புகையான் முட்டை பொரிக்க 7 முதல் 9 நாள் ஆகும். ஒரு வாரம் விட்டு மறுபடி பாருங்கள். வளர்ந்தவை அப்படியே இருந்து பொடிக் குஞ்சு குறைந்திருந்தால் மிரிட் வேலை செய்கிறது, கை வைக்காதீர்கள். பொடிக் குஞ்சு பெருகியிருந்தால் மிரிட்டுக்குத் தாங்கவில்லை என்று பொருள்.

பொறுமை இல்லாதவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. கை லென்ஸ் ஒன்று வேண்டும். அடித்தூரில் இலையுறையின் வெளிப்புறத்தில் நீளவாக்கில் பழுப்புக் கீறல் தெரிந்தால், அந்த இடத்தை நகத்தால் மெல்லப் பிளந்து பாருங்கள். உள்ளே முட்டைகள் வாழைச் சீப்பு போல வரிசையாக அடுக்கியிருக்கும். தெளிவாக, உப்பி இருந்தால் உயிருள்ள முட்டை. ஒரு முனையில் இரண்டு சின்னச் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அவை குஞ்சின் கண்கள், சீக்கிரம் பொரிக்கப்போகிறது. சுருங்கிக் காலி உறையாக இருந்தால் மிரிட் உறிஞ்சியது. முட்டை முழுவதும் செம்மஞ்சளாக மாறியிருந்தால் அது மிரிட் வேலை அல்ல, அனாகிரஸ் என்னும் பொடிக் குளவி உள்ளே முட்டை வைத்திருக்கிறது. அதுவும் நமக்கு வேண்டிய ஆள்தான். சுருங்கியதும் செம்மஞ்சளும் பாதிக்கு மேல் இருந்தால் நான் மருந்தை எடுக்க மாட்டேன்.

மேலே சொன்ன இரண்டுக்கு ஒன்று விகிதத்தில் எனக்குள்ள தயக்கம் இங்கிருந்து வருகிறது. அந்தக் கணக்கில் மிரிட்டும் ஓநாய்ச் சிலந்தியும் ஒன்றாக எண்ணப்படுகின்றன. சிலந்தி வளர்ந்த புகையானைப் பிடித்துத் தின்கிறது, மிரிட் முட்டையைத் தின்கிறது. வயலில் சிலந்தியே இல்லாமல் மிரிட் மட்டும் இருந்தால் இன்றிருக்கும் வளர்ந்த புகையான்கள் சாறு உறிஞ்சிக்கொண்டேதான் இருக்கும். பயிர் தண்டு உருளும் பருவத்தில், ஏற்கெனவே வளர்ந்த புகையான் சிம்புக்கு நாலைந்து இருந்தால், மிரிட் எவ்வளவு இருந்தாலும் காத்திருக்க நேரம் இல்லை. அறிகுறி 5க்குப் போங்கள்.

முட்டையைத் தின்பது மட்டுமே போதுமா என்று சந்தேகம் வந்தால் ஹவாயைச் சொல்லலாம். அங்கே கரும்பை ஒரு தத்துப்பூச்சி சீரழித்துக்கொண்டிருந்தது. 1920இல் ஃபிரெடெரிக் மியூர் என்ற பூச்சியியலாளர், நம் மிரிட்டின் நெருங்கிய உறவான ஒரு மிரிட்டைக் குயின்ஸ்லாந்திலிருந்தும் ஃபிஜியிலிருந்தும் கொண்டுவந்து விட்டார். அதன் வேலையும் முட்டை உறிஞ்சுவதுதான். சில வருடங்களில் அந்தத் தத்துப்பூச்சி ஒரு பிரச்சினையாகவே இல்லாமல் போனது. ஆனால் கரும்பு நீண்ட நாள் நிற்கும் பயிர், அங்கே காத்திருக்கலாம். நூற்றுச் சொச்சம் நாள் நெல்லில் காத்திருப்புக்கு ஒரு எல்லை உண்டு.

மிரிட் இருந்தும் பொடிக் குஞ்சு பெருகுகிறது என்றால், பெரும்பாலும் காரணம் யூரியா. தழைச்சத்து அதிகமான பயிரில் புகையான் அதிக முட்டை வைக்கும், குஞ்சுகளும் அதிகம் பிழைக்கும். மிரிட் தின்கிற வேகத்தை அது முந்திவிடும். பயிர் கரும்பச்சையாய் நிற்பதைப் பார்த்து மனம் குளிர்கிறவர்கள் இங்கேதான் அடிபடுகிறார்கள். யூரியாவை ஒரே மூச்சில் கொட்டாமல், இலையின் பச்சையை ஒப்பிட்டுப் பார்க்கும் இலை வண்ண அட்டை பார்த்துப் பிரித்துப் பிரித்துப் போட்டால் பாதிப் பிரச்சினை வராது.

அடர்த்தியும் ஒரு காரணம். காற்று புகாத நெருக்கத்தில் அடித்தூர் ஈரமாய், நிழலாய் இருக்கும். புகையானுக்குப் பிடித்த இடம் அது. நடும்போதே எட்டடிக்கு ஒருமுறை ஒரு அடி இடைவெளி, அதாவது 2.5 மீட்டருக்கு 30 சென்டிமீட்டர் பட்டம் விட்டிருந்தால் காற்றும் வெளிச்சமும் உள்ளே போகும். இப்போது விடாமல் நட்டுவிட்டீர்கள் என்றால், பயிரை இருபுறமும் ஒதுக்கிப் பாதை பிரித்துவிடுங்கள். ஆள் கூலி ஆகும், ஆனால் மருந்துக் கூலியைவிடக் குறைவு.

அறிகுறி 4: மருந்து அடித்தோம், மூன்று வாரத்தில் முன்னைவிட அதிகமாக வந்துவிட்டது

மருந்து போலி என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால், அந்தப் பாட்டிலை எடுத்துப் பாருங்கள். பெரிய எழுத்தில் உள்ள பிராண்ட் பெயரை விட்டுவிட்டு, சின்ன எழுத்தில் உள்ள மருந்தின் பெயரைப் படியுங்கள். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் என்று ‘த்ரின்’ என முடிகிற பெயரோ, குயினால்பாஸோ இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. இரண்டு மருந்து கலந்து வரும் பாட்டில்களில் ஒன்று ‘த்ரின்’ ஆக இருப்பதும் உண்டு.

நடப்பது இதுதான். மருந்து வெளியே இருக்கும் புகையானில் ஒரு பகுதியைக் கொல்கிறது, மிரிட்டையும் சிலந்தியையும் ஏறத்தாழ முழுதாகவே கொல்கிறது. இலையுறைக்குள் இருக்கும் புகையான் முட்டைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. 7 முதல் 9 நாளில் அவை பொரித்து வெளியே வரும்போது தின்ன ஆள் இல்லை. போதாததற்கு, சாகாமல் தப்பிய புகையான் சில மருந்துகளின் குறைந்த அளவு பட்டதால் வழக்கத்தைவிட அதிக முட்டை வைக்கிறது. பிலிப்பைன்ஸின் லாஸ் பான்யோஸில் உள்ள அதே சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் செல்லையா, ஹெய்ன்ரிக்ஸ் என்ற பூச்சியியலாளர்கள் 1980 வாக்கில் செய்த ஆய்வுகளில் இதைக் காட்டினார்கள். இந்தோனேசியா இதை ஒரு நாடாகவே அனுபவித்தது. மானிய விலையில் மருந்து, அடித்தார்கள், புகையான் பெருகியது, மறுபடி அடித்தார்கள். கடைசியில் 1986இல் அதிபர் ஆணை ஒன்றின் மூலம் 57 மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று தடை செய்தார்கள்.

இப்போது அதே மருந்தை இரட்டை அளவில் அடிப்பது எரிகிற தீயில் எண்ணெய். நிறுத்துங்கள். தண்ணீரை வடித்துவிட்டு, மறுபடி எண்ணுங்கள். எல்லைக்குக் கீழே இருந்தால் மிரிட் திரும்பி வர இடம் கொடுங்கள். தாண்டிவிட்டது என்றால் அடுத்த அறிகுறியில் உள்ளபடி செய்யுங்கள்.

இமிடாகுளோபிரிட் பற்றி ஒரு வார்த்தை. ஒரு காலத்தில் புகையானுக்கு அதுதான் மருந்து. ஆசியாவின் பல பகுதிகளில் புகையான் அதற்கு எதிர்ப்புத் திறன் பெற்றுவிட்டது, மிரிட்டுக்கு அப்படி வாய்க்கவில்லை. விளைவு என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அறிகுறி 5: வட்டத் திட்டு விழுந்துவிட்டது

வயல் நடுவே வட்டமாக மஞ்சளாகி, பிறகு தீய்ந்தது போல் பழுப்பாகிச் சாய்ந்தால் அது புகையான் தீய்ச்சல். உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்: திட்டின் ஓரத்தில், இன்னும் பச்சையாக இருக்கும் குத்துகளின் அடித்தூரில் பூச்சி மொய்க்க வேண்டும், பிசுபிசுப்பும் கறுப்புப் பூசணமும் இருக்க வேண்டும். அவை இல்லாமல் இலை நுனியிலிருந்து ஓரமாகக் காய்ந்து வந்தால் பாக்டீரியா இலைக்கருகல். இழுத்தால் குருத்து மட்டும் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான். இரண்டுக்கும் மிரிட்டுக்கும் சம்பந்தமில்லை.

திட்டு விழுந்த இடத்தில் மிரிட்டை நம்பி உட்காரக் கூடாது. காய்ந்த குத்து திரும்பாது. காப்பாற்ற வேண்டியது சுற்றியுள்ள வளையத்தை. தண்ணீரை மூன்று நாலு நாள் முழுதாக வடியுங்கள். பிறகு மருந்து, ஆனால் வயல் முழுக்க அல்ல. திட்டைச் சுற்றி நாலைந்து மீட்டருக்கு மட்டும், பயிரைப் பிரித்து, தெளிப்பான் முனையை அடித்தூருக்குத் திருப்பி அடியுங்கள். மேலே இலையில் மழை பெய்வது போல் அடிப்பது வீண், அது மிரிட்டுக்கும் குளவிக்கும்தான் கேடு.

எந்த மருந்து என்றால், குஞ்சு அதிகமாக இருந்தால் பியூபுரோஃபெசின். அது தோலுரிக்க விடாமல் குஞ்சைக் கொல்லும், வளர்ந்ததைக் கொல்லாது. அதனால் மறுநாளே போய்ப் பார்த்து ‘சாகவில்லை’ என்று ஏமாறாதீர்கள். வளர்ந்தவை அதிகமாக இருந்தால் பைமெட்ரோசின். அது புகையானைச் சாறு உறிஞ்ச விடாமல் தடுத்துப் பட்டினியில் கொல்லும், அதுவும் மெதுவாகத்தான். மற்ற மருந்துகளோடு ஒப்பிட்டால் இந்த இரண்டும் மிரிட்டுக்குத் தீங்கு குறைந்தவை. அளவு லேபிளில் உள்ளபடி. வயலின் மற்ற பகுதியை அடிக்காமல் விடுவதால் அங்கே உள்ள மிரிட் பிழைத்துத் திட்டுப் பக்கம் திரும்பும்.

தண்ணீர் வடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. தண்ணீர் மேல் ஓடும் மைக்ரோவீலியா என்ற பொடி நாவாய்ப்பூச்சி இருக்கிறது. அடித்தூரிலிருந்து தவறி விழும் புகையான் குஞ்சை அது கூட்டமாகச் சேர்ந்து பிடித்துத் தின்னும். வடித்தால் அதற்கு இடம் போகிறதே என்று கேட்பார்கள். போகட்டும். புகையான் எல்லை தாண்டிய நிலையில் அடித்தூரைக் காய வைப்பதுதான் முக்கியம். வாய்க்கால் ஓரத்தில் தேங்கிய தண்ணீரில் அது ஒண்டிக்கொள்ளும், மறுபடி பாய்ச்சும்போது திரும்பி வரும். சாதாரண நாளில் காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டுகிற வயலில் இந்தச் சங்கடமே பெரிதாக வருவதில்லை.

அறிகுறி 6: விளக்குப்பொறியில் மிரிட் குவியல் குவியலாக விழுகிறது

விளக்குக்கு மிரிட் நன்றாக வரும், நீள இறக்கைப் புகையானும் வரும். பொறியைப் புகையான் வரவைத் தெரிந்துகொள்ள வைக்கிறீர்களா, புகையானைப் பிடித்து அழிக்க வைக்கிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். தெரிந்துகொள்ள என்றால் மாலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை போதும். விடிய விடிய எரியவிட்டு, காலையில் சட்டியில் பச்சையாய் மிதப்பதைப் பார்த்து ‘எவ்வளவு பூச்சி!’ என்று மகிழ்கிறவர்கள் உண்டு. அதைச் சலித்துப் பார்த்தால்தான் எதைக் கொன்றோம் என்று தெரியும். மிரிட் புகையானைவிட அதிகமாக விழுந்தால் விளக்கை அணைத்துவிடுங்கள்.

அறிகுறி 7: போன வாரம் இருந்த மிரிட் இப்போது காணவில்லை

புகையானும் சேர்ந்து காணாமல் போயிருந்தால் நல்லது, சாப்பாடு தீர்ந்து அடுத்த வயலுக்குப் போயிருக்கிறது. புகையான் அப்படியே இருந்து மிரிட் மட்டும் காணோம் என்றால் பக்கத்து வயல்காரரிடம் கேளுங்கள். அவர் விசைத்தெளிப்பானில் அடித்தது காற்றோடு உங்கள் பக்கம் வந்திருக்கலாம். அப்படியானால் எண்ணும் இடைவெளியைக் குறைத்து, மூன்று நாளுக்கு ஒருமுறை பாருங்கள்.

அறிகுறி 8: தக்காளியில் இதே மாதிரி பச்சைப் பூச்சி, தண்டில் பழுப்பு வளையம்

நெல்லில் படித்ததை அப்படியே தக்காளிக்குக் கொண்டுபோக முடியாது. தக்காளியில் வரும் மிரிட் வேறு இனம், நெசிடியோகோரிஸ் டெனுயிஸ் என்பது. அதுவும் மெலிந்த பச்சைப் பூச்சிதான். வெள்ளை ஈ, தக்காளி ஊசிப்புழுவின் முட்டை, பொடிப் புழு எல்லாவற்றையும் தின்னும். ஸ்பெயினில் பசுமைக்குடில் தக்காளிக்கு இதைக் காசு கொடுத்து வாங்கி விடுகிறார்கள். ஊசிப்புழு 2014இல் இந்தியாவுக்குள் வந்த பிறகு நமக்கும் இதன் தேவை கூடியிருக்கிறது.

ஆனால் இரை தீர்ந்தால் இது செடியையே குத்தும். இளந்தண்டிலும் இலைக்காம்பிலும் மோதிரம் போட்டது போல் பழுப்பு வளையம் விழும். அந்த இடத்தில் தண்டு பலமிழந்து ஒடியும், பூவும் உதிரும். நெல் மிரிட்டைப் போல ‘பார்த்தால் விட்டுவிடு’ என்று இங்கே சொல்ல முடியாது.

முடிவெடுக்க வெள்ளை ஈ, வளையம் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். இலையின் அடிப்பக்கத்தில் வெள்ளை ஈயும் அதன் குஞ்சும் இன்னும் நிறைய இருந்தால், ஒன்றிரண்டு வளையம் இருந்தாலும் பொறுங்கள். வெள்ளை ஈ ஏறத்தாழ இல்லாமல், நுனித் தளிர்களில் புதுப் புது வளையம் விழுந்துகொண்டே இருந்தால் பூச்சியைக் குறைக்க வேண்டியதுதான். பக்கக் கிளைகளை ஒடிக்கும்போது, வளையமும் பூச்சியும் உள்ள நுனிகளையும் சேர்த்துக் கிள்ளித் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய்ப் போடுங்கள். குஞ்சுகள் பெரும்பாலும் அந்த இளந்தளிர்களில்தான் இருக்கும். அதற்குப் பிறகும் பூக்கொத்துப் பக்கம் வளையம் வந்தால் அந்த வரிசைகளில் மட்டும் வேப்பெண்ணெய் 2 சதம், அதாவது லிட்டருக்கு 20 மில்லி, சோப்புக் கலந்து மாலையில் அடியுங்கள்.